துணிக்கு வைத்த ஏசி

அஸ்மியின் வீட்டில் ஏசி பூட்டிய அன்று எத்தாளையில் பாதிப் பேருக்கு வயிறு எரிந்தது. மீதிப் பேர் அன்றைக்குக் கடலில் நின்றார்கள். கரைக்கு வந்து கேள்விப்பட்டதும் அவர்களுக்கும் எரிந்தது. மனிதருக்குப் பூட்டிய ஏசி என்றால் ஊர் எப்படியோ பொறுத்துக்கொண்டிருக்கும். சவூதிக்குப் போய் வந்தவர்கள் ஒன்றிரண்டு வீட்டில் பூட்டித்தான் இருந்தார்கள். இது துணிக்குப் பூட்டிய ஏசி.

"துணிக்காம் புள்ள, துணிக்கு!" என்று றஹ்மத் உம்மா வேலிக்கு மேலால் சொன்னாள். "நாங்க இஞ்ச மட்டையால விசிறிக்கிட்டு இரிக்கம். அங்க ஒரு கறுத்தத் துணி ஏசியில படுத்துக் கெடக்கு. கேட்டா, அதுக்கு உப்புக் காத்துப் படக் கூடாதாம். மனிசருக்குப் படலாமாம், துணிக்குப் படக் கூடாதாம்."

கேட்டுக்கொண்டிருந்தவள் சுல்பா. அஸ்மியின் மனைவி ஸபீனாவுக்குக் கூடப்பிறந்த ராத்தா, மூத்தவள். தையல் மெஷினில் குனிந்தபடியே "ம்" என்றாள். அந்த நேரம் பார்த்து ஊசி கோடு விலகி ஓடியது. சுல்பாவின் மெஷினில் ஊசி விலகி ஓடுவதை ஊரில் யாரும் கண்டதில்லை. கற்பிட்டியிலிருந்தும் ஆலங்குடாவிலிருந்தும் பெண்கள் அபாயா தைக்க அவளிடம்தான் வருவார்கள். ஓரம் அடித்த இடம் தெரியாது. தைத்து முடித்து அவள் மடித்துக் கொடுக்கிற அழகைப் பார்த்துவிட்டுப் பிரிக்க மனம் வராமல் அப்படியே அலுமாரியில் வைத்தவர்களும் உண்டு.

விசயம் இதுதான். யுத்தம் முடிந்து பாதைகள் திறந்த பிறகு எங்கள் கரைக்கு வெள்ளைக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். வளர்ந்த ஆம்பிளைகள், காலில் ஒரு பலகையைப் பூட்டிக்கொண்டு, பட்டம் விட்டபடி களப்பின் மேல் பறந்தார்கள். கச்சான் காற்று அடித்தால் எங்கள் ஆட்கள் போட்டைக் கரையில் இழுத்துப் போட்டுவிட்டுக் காற்றைத் திட்டுவார்கள். அவர்களோ அந்தக் காற்றுக்காகவே பிளேன் ஏறி வந்தார்கள். பலகை உடைந்தால் பைபர் போட் கட்டுகிற வாடிகளில் கொண்டுவந்து ஒட்டுவித்தார்கள். அப்படி ஒட்டிக் கொடுத்தவர்களில் முதல் ஆள் சுல்பாவின் புருசன் செய்னுலாப்தீன். அவரிடம் வேலை பழகி, அவர் மனைவியின் தங்கையையே கட்டி, பிறகு தனி வாடி போட்டவன் அஸ்மி.

உடைந்த பலகையை ஒட்டுகிறவர்கள் முழுப் பலகையையும் செய்தால் என்ன என்று புத்தளத்தில் இருந்த கரையோரக் கைத்தொழில் நிலையத்துக்கு ஒரு யோசனை வந்தது. அதுவும் பைபரில் இல்லை, காபன் துணியில். சும்மா கிடக்கும்போது கறுப்புச் சீலை. ரெசின் பசை ஊறிக் காய்ந்தால் இரும்பை விடப் பலம், ஆனால் பாரமே இல்லை. இன்றைக்குப் பலகை செய்து கை பழகினால் நாளைக்குக் காற்றாலை இறகுக்குச் சாமான் செய்யலாம், அதற்கு அடுத்தது என்னவெல்லாமோ செய்யலாம் என்று சொல்லி, போட் கட்டுகிற எல்லாரையும் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள்.

செய்னுலாப்தீனும் வெளிக்கிட்டுப் போனார்தான். பஸ் பாலாவிச் சந்தியில் நின்றபோது ரெசின் கடைக்காரத் தோமஸ் கீழே நின்று கையைக் காட்டினான். இறங்கினார். பால் விடாத பிளேன்டி ஒன்று, இரண்டு இறைச்சி ரொட்டி, உப்பு லொறிக்காரர்களின் கதை. கூட்டம் முடிந்திருக்கும் என்று தோன்றிய நேரத்தில் அங்கிருந்தே வீட்டுக்குத் திரும்பிவிட்டார். அஸ்மி இறங்கவில்லை. அவன் புத்தளம் வரைக்கும் போனான்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் அஸ்மியின் வாடியில் நடந்தது. வாடி அவன் வீட்டு வளவுக்குள்தான், கல்லால் கட்டிய அறையும் அதில் இருந்தது. நிலையத்திலிருந்து காற்றை உறிஞ்சுகிற பம்ப் வந்தது, கண்ணாடி போட்ட மேசை வந்தது, ஏசி வந்தது, கடைசியாகக் காபன் துணி ஒரு உருளையில் சுற்றி வந்தது. துணியை வெட்டி அச்சில் விரிக்கத் தையல் தெரிந்த ஒரு பெண் வேண்டும் என்றார்கள். ஸபீனாவைப் பயிற்சிக்கு நீர்கொழும்புப் பக்கம் அனுப்பினார்கள்.

"தையல் தெரிஞ்ச பொம்பிளையாம்," என்றாள் சுல்பா, புருசனுக்குச் சோறு போட்டுக்கொண்டே. "அவள் தைச்ச சட்டையை அவள்ற புள்ளையே போடாது. கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கிட்டு நிக்கும். அவளா தையல்காரி?"

"உன்ட தங்கச்சிதானே. நல்லா இரிக்கட்டுமே."

"நான் கெட்டுப் போகட்டும் எண்டா சொன்னன்? சும்மா ஒரு கதைக்குச் சொன்னன்."

"சரி, கீரிமீன்ல இன்னொண்டு வை."

"பாலாவியில இறங்காட்டி இண்டைக்கி ஏசியில இருந்து கீரிமீன் திண்டிரிப்பீங்க."

செய்னுலாப்தீன் சிரித்தார். எந்தக் கதைக்கும் சிரிக்கிற மனிசன் அவர். பைபர் தூள் பட்டுச் சொறிகிற கையைச் சொறிந்துகொண்டு, "ரொட்டி நல்லாத்தான் இருந்திச்சி" என்றார். அன்றைக்குச் சுல்பாவுக்கு வந்த ஆத்திரத்துக்குச் சட்டியை எடுத்துத் தலையில் கவிழ்த்திருக்கலாம். இவருக்கு ஏன் எரியவில்லை என்பதே அவளுக்குப் பெரிய எரிச்சலாக இருந்தது. ஒரு வீட்டுக்கு வேண்டிய பொறாமை முழுவதையும் அவள் ஒருத்தியே சுமக்க வேண்டியிருந்தது.

ஸபீனா பயிற்சி முடித்து வந்தாள். வந்த அன்றே ஒரு கோப்பையில் கணவாய்க் கறியும் எடுத்துக்கொண்டு ராத்தாவிடம் ஓடி வந்தாள். அக்கா தங்கை வீடுகளுக்கிடையில் கோப்பை போவதும் வருவதும் எப்போதும் உள்ளதுதான். வெறும் கோப்பையாய் மட்டும் திரும்பாது.

"ராத்தா, நீங்க ஒருக்கா வந்து பாருங்களன். அந்தத் துணியத் தொட்டா, என்ட ரப்பே, மீன்ட முதுகு மாதிரி வழுக்குது. எங்களுக்குப் பழக்கின யதுர்சிகா மிஸ் சொல்றா, வகுப்பில எல்லாரையும் விட எனக்குத்தான் கெதியா விளங்கினதாம்."

"அப்பிடியா?"

"ஓம் ராத்தா. மறுகா, கத்தரிய இழுத்து வெட்டக் கூடாது, நூல் பிரிஞ்சிடும். ஓரத்துக்கு டேப் ஒட்டித்தான் வெட்டணும். வெட்டுறதுக்கு முன்னுக்குக் கை கழுவணும், எண்ணெய்க் கை படக் கூடாது..."

"எனக்கிட்டயா துணி வெட்டப் பழக்கிறாய்?"

ஸபீனா கோப்பையை ராத்தாவின் பக்கம் தள்ளி வைத்தாள். பிறகு மெதுவாக, "இல்ல ராத்தா, இது வேற துணி" என்றாள்.

அந்தச் சொல் சுல்பாவுக்குள் போய் நின்றது. இது வேற துணி. அந்த ஊருக்குள் தனக்குத் தெரியாத ஒரு துணி இருக்கிறது, அது தங்கச்சிக்குத் தெரியும். தொண்ணூறாம் ஆண்டு மன்னாரை விட்டு விரட்டப்பட்டு வந்து முகாமில் ஓலைக் கொட்டிலில் கிடந்த காலத்தில் உம்மா யாருக்கோ தைத்துக் கொடுத்துத்தான் இரண்டு பேருக்கும் சோறு போட்டாள். வெட்டவும் மடிக்கவும் சுல்பாவுக்குத்தான் பழக்கினாள். ஸபீனாவைப் பக்கத்தில் விடமாட்டாள், துணியைப் பாழாக்கிவிடுவாள் என்று. அந்த ஸபீனாவுக்கு இப்போது வேற துணி.

கச்சான் உரத்தது. வெங்காயப் பாத்திகளிலிருந்து மணல் எழும்பி, மூடி வைத்த சோற்றுக்குள்ளும் பல்லில் கடிபட்டது. ஊரில் எல்லாருக்கும் ஏதோ ஒரு காரணத்துக்கு அஸ்மியின் வாடிக்குப் போகவேண்டி வந்தது. சுத்தியல் இரவல் கேட்கப் போனார்கள், பிள்ளையைத் தேடிப் போனார்கள். அறைக் கதவு திறக்கிற நேரம் முகத்தில் படுகிற குளிருக்காகத்தான் எல்லாம். றஹ்மத் உம்மா போய் வந்து, "மதீனா ஹோட்டல் மாதிரி இரிக்கி" என்றாள். சுல்பா மட்டும் போகவில்லை.

கணவாய் வந்த கோப்பையை எத்தனை நாளைக்கு வைத்திருப்பது? ஒரு பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு, தேங்காய்ப்பாலில் அவித்த வட்டிலப்பத்தை அதில் வைத்து எடுத்துக்கொண்டு போனாள். வாடியில் யாரும் இல்லை. அஸ்மி புத்தளத்துக்குப் போயிருந்தான். பக்கத்து வளவுக் கிணற்றடியில் ஸபீனாவின் குரல் கேட்டது, யாரோடோ பெரிய சிரிப்பு. அறைக் கதவு பூட்டியிருக்கவில்லை.

சுல்பா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். குளிர் முதலில் கழுத்தில் பட்டது, பிறகு முதுகில் ஊறிய வேர்வையில் பட்டது. அங்கே இருந்த கதிரையில் சற்று இருந்தாள். நல்லாத்தான் இருந்தது. நல்லாய் இருந்தது என்பதே அவளுக்குப் பொறுக்கவில்லை.

மேசையில் துணி விரித்துக் கிடந்தது. வெட்டுவதற்காக ஒரு பாகத்தை உருளையிலிருந்து பிரித்து ஸபீனா அப்படியே விட்டுப் போயிருந்தாள். ஒரு முனை மேசையை விட்டுச் சரிந்து தரையைத் தொடப் பார்த்தது. சுல்பா கையைச் சீலையில் துடைத்துவிட்டுத் தொட்டாள். கறுப்பில் இப்படி ஒரு கறுப்பை அவள் பார்த்ததில்லை. பாவும் ஊடும் பின்னிய இடம் சாய்ந்து சாய்ந்து மினுங்கியது. இந்தத் துணி என்னிடம் வந்திருக்க வேண்டும் என்று நினைத்தாள். வாய்விட்டே சொன்னாள். கேட்க ஆளில்லை.

"துணியப் போட்டு வெச்சிரிக்கிற சீர்" என்று முணுமுணுத்தாள். "தையல்காரியாம்."

பிறகு அவள் செய்தது யோசித்துச் செய்ததில்லை. முப்பது வருசமாய் அந்தக் கைகள் செய்கிறதைத்தான் செய்தன. சரிந்த முனையைத் தூக்கினாள், ஓரத்தோடு ஓரம் சேர்த்தாள், மூன்றாய் மடித்தாள், மூன்றை இரண்டாக்கினாள், கரை வெளியே தெரியாமல் உள்ளே செருகினாள். மடிப்பின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தி ஒரு இழுப்பு இழுத்து நீவினாள். மேசை நடுவில் நேராக வைத்தாள். துணியை எப்படி வைக்கிறது என்று அவள் வந்து பார்த்துப் பழகட்டும் என்று இருந்தது. ஆனால் ஏசிக்குள் வந்து இருந்ததைக் கண்டுவிட்டால் வெட்கம். வட்டிலப்பத்தைக் குசினியில் மூடி வைத்துவிட்டு, கிணற்றடிப் பக்கம் பார்க்காமல் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

மறுநாள் ஸபீனா ஒன்றும் கேட்கவில்லை. "வட்டிலப்பம் நல்லா இருந்திச்சி ராத்தா" என்று மட்டும் சொல்லியனுப்பினாள். சுல்பாவுக்கு அது கூடப் பிடிக்கவில்லை. மடித்து வைத்ததைப் பற்றி ஒரு சொல் சொல்லியிருக்கலாம்.

அந்தக் கிழமையே பலகை ஊற்றினார்கள். துணியை அச்சில் விரித்து, மேலே பிளாஸ்டிக் உறையை ஒட்டி, பம்ப் காற்றை உறிஞ்ச உறிஞ்ச ரெசின் தானாக ஓடிப் பரவியது. செய்னுலாப்தீன் போய்ப் பார்த்துவிட்டு வந்து வாயூறிச் சொன்னார். "நான் பிரஷ்ஷால பூசிப் பூசி மூக்கெல்லாம் ரெசின். அங்க பம்ப் இழுக்குது, இவன் கையக் கட்டிக்கிட்டு நிக்கிறான். பலகை என்னா வடிவு! கண்ணாடி மாதிரி முகம் தெரியுது."

"உங்கட முகம் தெரிஞ்சிச்சா?"

"தெரிஞ்சிச்சே."

"பாலாவியில இறங்கின முகம்."

பலகையைப் புத்தளத்துக்குக் கொண்டுபோனார்கள். கொழும்பிலிருந்து வந்த ஆட்கள் அதை இரண்டு கட்டைகளின் மேல் வைத்து நடுவில் பாரம் ஏற்றிப் பார்த்தார்கள். அது நின்று பிடித்தால்தான் அஸ்மிக்கு மேற்கொண்டு உதவி, பலகை வாங்குகிற கொம்பனியோடு பேச்சு. நிற்காவிட்டால் பம்பும் ஏசியும் சிலாபத்தில் காத்திருக்கிற இன்னொரு வாடிக்குப் போய்விடும்.

பலகை நடுவால் முறிந்தது. கோடு போட்டு வைத்த மாதிரி நேராக முறிந்தது என்று, அன்றைக்கு அங்கே நின்ற தோமஸ் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான்.

கேட்டதும் சுல்பாவுக்குச் சந்தோசம் வந்தது. அதை மறைத்துப் பிரயோசனமில்லை, வந்தது. "பாவம்" என்றாள், "என்ன செய்யிற, அல்லாஹ் எழுதின நசீபு" என்றாள், ஆனால் அன்றைக்கு அவள் மெஷின் மிதித்த வேகத்தில் இரண்டு அபாயா முடிந்தது. றால் வாங்கிப் பொரித்தாள். செய்னுலாப்தீன் தட்டைப் பார்த்துவிட்டு, "என்ன விசேசம்?" என்றார். அவள் இன்னும் இரண்டு றால் எடுத்து வைத்தாள்.

அடுத்த நாள் காலையில் நிலையத்து யதுர்சிகா ஸ்கூட்டரில் சுல்பாவின் வாசலில் வந்து இறங்கினாள். வன்னியிலிருந்து இடம்பெயர்ந்து புத்தளத்தில் தங்கிவிட்ட குடும்பத்துப் பிள்ளை. பொறியியல் படித்தவள். மணலில் ஸ்கூட்டர் சறுக்கி முழங்காலில் சிராய்ப்போடு நின்றாள். சுல்பா தண்ணீர் கொடுத்து, பிளேன்டியும் கொடுத்தாள்.

"சுல்பா அக்கா, நான் சுத்தி வளைக்காமல் சொல்லுறன். உங்களை அந்த வேலைக்கு எடுக்கலாமோ எண்டு கேக்கத்தான் வந்தனான்."

"எந்த வேலைக்கு மிஸ்?"

"துணி வேலைக்கு. ஸபீனா அக்காவை நிப்பாட்டிப் போட்டினம். அவ தானே வந்து ஒத்துக்கொண்டா, துணியை மடிச்சு வைச்சது தான்தானாம். நான் வகுப்பில முதல் நாளே சொன்னனான், காபன் துணியை மடிக்கவே கூடாது, உருளையில சுத்தித்தான் வைக்கோணும் எண்டு. மடிச்சால் அந்த இடத்தில நூல் உள்ளுக்கு முறிஞ்சு போகும். வெளியால தெரியாது. அந்த நேரத்தில சொல்லியிருந்தாலும் வேற துணி எடுத்திருக்கலாம். மறைச்சுப் போட்டா. அதுதான் மேலிடத்துக்குக் கோவம். நான் கெஞ்சி இன்னொரு தரம் செய்து பாக்க விடச் சொல்லியிருக்கிறன். ஆனால் துணியில வேற கை இருக்கோணுமாம்."

சுல்பாவுக்கு உள்ளங்கை கூசியது. அந்தக் கையைச் சீலைக்குள் எடுத்துக்கொண்டாள்.

"ஸபீனா சொன்னாளா? தான் மடிச்சன் எண்டு?"

"ஓம். இன்னொண்டும் சொன்னா. தன்ர ராத்தான்ர கைதான் நல்ல கையாம், முதலே உங்களைத்தான் கேட்டிருக்கோணுமாம்."

பின்னால் நின்று கேட்ட செய்னுலாப்தீன், "போ புள்ள" என்றார். "இது நான் பாலாவியில விட்டது. திரும்பி வருது."

சுல்பா போனாள். உண்மையைச் சொல்லாமல்தான் போனாள். முதல் நாள் கதவைத் திறந்து குளிருக்குள் கால் வைத்தபோது, எவ்வளவு காலமாய் ஆசைப்பட்ட இடம் என்று நினைத்துச் சந்தோசப்படப் பார்த்தாள். ஏலவில்லை. யதுர்சிகா பக்கத்தில் நின்று உருளையைப் பிடிக்கிற விதம் காட்டினாள், சுல்பாவுக்கு ஒரே தரத்தில் பிடிபட்டது. வெட்டு நேராக விழுந்தது. "அக்கா, உங்கட கை சொன்ன மாதிரித்தான்" என்றாள் யதுர்சிகா. யார் சொன்ன மாதிரி என்று சுல்பாவுக்குத் தெரியும்.

பத்து மணிக்கு ஸபீனா பிளேன்டி கொண்டுவந்தாள். கதவுக்கு வெளியே நின்றே நீட்டினாள். "நான் உள்ளுக்கு வரக் கூடாது ராத்தா" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை அடித்துத் துடைத்துவிடலாம் போல் இருந்தது சுல்பாவுக்கு.

ஊர் வேறு அவளை இருக்க விடவில்லை. முதலில் ஏசியைப் பார்த்து எரிந்த அதே வாய்கள் இப்போது ஸபீனாவின் புகழ் பாடின. றஹ்மத் உம்மா வேலியால் எட்டிப் பார்த்து, "இந்தக் காலத்துல யாரும்மா இப்பிடிச் செய்வாங்க? தன்ட பிழையத் தானே போய்ச் சொல்லி, தன்ட எடத்தையும் ராத்தாவுக்குக் குடுத்து... மாஷா அல்லாஹ், ஸபீனா தங்கமான புள்ள. நீ நசீபுக்காரி, அப்பிடி ஒரு தங்கச்சி" என்றாள். கடையில் சீனி வாங்கப் போனாலும் அதே கதை. பள்ளிக்கூட வாசலிலும் அதே கதை.

ஸபீனாவுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரியாமல் எப்படி? தான் மடிக்காததைத் தான் மடித்தேன் என்று ஒருத்தி சொன்னால், மடித்தது யார் என்று தெரிந்துதான் சொல்லியிருக்கிறாள். தெரிந்துகொண்டே பிளேன்டி கொண்டுவருகிறாள், சீனி போதுமா ராத்தா என்று கேட்கிறாள். ஏசி போனால் போகட்டும், துணி போனால் போகட்டும், இப்போது நல்லவள் என்கிற பேரையும் அவளே எடுத்துக்கொண்டுவிட்டாள். தான் எடுத்து வைத்திருக்கிற வேலை அவள் போட்ட பிச்சை. ஆயுசுக்கும் அவள் முகத்தில் அது எழுதியிருக்கும்.

பலகைக்குத் துணி விரிக்கிற நாள் வந்தது. அறைக்கு வெளியே எல்லாரும் நின்றார்கள். அஸ்மி பம்ப்பைத் துடைத்துக்கொண்டிருந்தான். செய்னுலாப்தீன் உதவிக்கு வந்திருந்தார். ஸபீனா பாணும் சம்பலும் கொண்டுவந்து எல்லாருக்கும் வைத்தாள். யதுர்சிகா தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "ஸபீனா அக்கா, உங்களை நினைச்சால் எனக்குக் கவலையாத்தான் கிடக்கு. பிழையை ஒத்துக்கொள்ளுற மனம் லேசில வராது" என்றாள்.

சுல்பா எழும்பினாள்.

"மிஸ், அவள் பொய் சொல்றாள். மடிச்சது நான்."

பாண் மென்றுகொண்டிருந்த செய்னுலாப்தீன் மெல்லுவதை நிறுத்தினார்.

"அண்டைக்கிப் பின்னேரம் வந்தன். ஒருத்தரும் இல்ல. உள்ளுக்குப் போய் இருந்தன். துணி அவலட்சணமாக் கெடந்திச்சி, மடிச்சி வெச்சன். மடிக்கக் கூடாதுண்டு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தாலும்... தெரியல, மடிச்சிருப்பனோ என்னவோ. அவளுக்கு ஒண்டும் தெரியாதுண்டு காட்டத்தான் மடிச்சன். அவள் மடிக்கவே இல்ல. அவளுக்கு இப்பிடி மடிக்கவும் வராது."

சொல்லி முடித்ததும் நெஞ்சு லேசாகிவிட்டது. மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. நல்லவள் பட்டத்தைத் தங்கச்சியின் கையிலிருந்து பிடுங்கிவிட்ட நிம்மதிதான் அது. அஸ்மி பம்ப்பை விட்டுவிட்டு மனைவியைப் பார்த்தான். யதுர்சிகா தட்டைக் கீழே வைத்தாள். சுல்பா வெளியே கிணற்றடிக்குப் போய்க் கைகால் கழுவ நின்றாள்.

பின்னாலேயே ஸபீனா வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"உனக்கு இதக் கூட எனக்கு விட ஏலாமப் போச்சா?"

பிறந்ததிலிருந்து ராத்தா, நீங்க என்று சொன்ன வாய். சுல்பா வாளியைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

"என்னத்த விட?"

"துணியக் கண்டவுடனே எனக்குத் தெரியும். உம்மாட மடிப்பு. கரைய உள்ளுக்குச் செருகி... எத்தின தரம் பழகிப் பாத்திருப்பன், எனக்கு இண்டைக்கி வரைக்கும் வரல்ல. அந்த மடிப்பப் பிரிக்கிறதுக்கு முன்னுக்கு எவ்வளவு நேரம் பாத்துக்கிட்டு நிண்டன் தெரியுமா? மிஸ்கிட்டச் சொன்னா உன்னச் சொல்லணும். நீவி நீவிப் பாத்தன், போயிரும் எண்டு நினைச்சன். போகல்ல."

"மறுகா என்னத்துக்கு உன்ட தலையில போட்டுக்கிட்டாய்? நான் கேட்டனா?"

"சின்னதுல இருந்து சுல்பாட கை, சுல்பாட தையல், சுல்பாட மடிப்பு. உம்மா மவுத்தாகிற அண்டைக்கும், சுல்பா வந்து போர்வைய மடிக்கட்டும் எண்டுதான் சொன்னா. நான் பக்கத்துலதான் இருந்தன். ஏசி வந்திச்சி, சரி, இனி என்னச் சொல்லுவாங்க எண்டு நினைச்சன். அதுவும் உன்ட கையால போச்சி. இந்தப் பத்து நாளும்தான் ஊர் ஸபீனா, ஸபீனாண்டு சொன்னிச்சி. பத்தே நாள். அதையும் வந்து பிடுங்கிட்டாய். இனிப் பாரு, நீ பொய் சொல்லாதவள், எல்லாருக்கும் முன்னுக்கு ஒத்துக்கிட்டவள், அதையே சொல்லப் போறாங்க."

அவள் அழுதாள். அழுகை ஆத்திரத்தில் வந்தது. சுல்பா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். இவ்வளவு காலமும் அந்தக் குடும்பத்தில் தான் ஒருத்திதான் எரிகிறாள் என்று நினைத்திருந்தாள். இவள் எரிந்தது தனக்குத் தெரியவே இல்லையே என்று வந்தது. அதைவிட, சொல்லக் கூடாது, இவள் தன்னைப் பார்த்து எரிந்திருக்கிறாள் என்பது தேனாக இனித்தது. கையை நீட்டித் தங்கச்சியின் முந்தானையைச் சரி செய்யப் போனாள். ஸபீனா தட்டிவிட்டாள்.

வேலிக்கு அந்தப் பக்கம், வேடிக்கை பார்க்க வந்திருந்த றஹ்மத் உம்மாவின் குரல் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தது: "சபையில நிண்டு சொல்றதுக்கும் ஒரு மனசு வேணும் புள்ள. சுல்பா சுல்பாதான்."

ஸபீனா ராத்தாவைப் பார்த்த பார்வையில் ஒரு கொலை இருந்தது. சுல்பாவுக்குச் சிரிப்பு வந்தது. உதட்டைக் கடித்து அடக்கினாள். அதைக் கண்டு ஸபீனாவுக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

அறைக் கதவில் யதுர்சிகா வந்து நின்றாள். அவளுக்கு நேரம் போய்க்கொண்டிருந்தது. துணியை விரிக்காவிட்டால் அன்றைக்கு ரெசின் இல்லை, ரெசின் இல்லாவிட்டால் சோதனைக்குப் பலகை இல்லை.

"அக்காமாரே, சண்டையைப் பிறகு பிடியுங்கோ. மேலிடத்தோட நான் கதைக்கிறன். எனக்கு இப்ப ஒரு ஆள் வேணும், ஒரே ஒரு ஆள். கதவைத் திறந்து வைச்சுக்கொண்டு நிக்க ஏலாது, குளிர் போகுது. ஆர் வாறியள்?"

"நான்" என்றாள் சுல்பா.

"நான்" என்றாள் ஸபீனா. கண்ணைத் துடைக்கவும் நிற்கவில்லை. ராத்தாவின் தோளை இடித்துக்கொண்டு முன்னே ஓடினாள்.